சூடு கண்டால் நிற்கும் லாரி

பிணம் எங்கள் ஆபீஸ் வாசலிலேயே கிடந்தது. சிவப்பு நிறம், நாலு சக்கரம், வாயை அகலமாகப் பிளந்திருந்தது. பானெட்டைத்தான் சொல்கிறேன்.

மாடி ஜன்னல் வழியாக அதைப் பார்த்த நான், "கேஸ் வந்திருக்கு அண்ணி. ஆனா இதை மாடிக்குத் தூக்கிட்டு வர முடியாது, நாமதான் இறங்கணும்" என்றேன். அண்ணி நிமிரவே இல்லை. ஆள் மேலே வரட்டும், லாரியை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

அண்ணியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்க அவனுக்கு ஒரு சாயும் நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு தட்டு நிறையக் கருவிகள் வேண்டும். அண்ணிக்கு ஒரு ஸ்டூல் போதும். தையல் கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து, அதே ஸ்டூலில் உட்கார்ந்து எட்டு வருடமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். இன்சூரன்ஸ் கம்பெனியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பிக் கூட்டிவந்து உதவியாளனாக வைத்துக்கொண்டார். அங்கே சம்பளம் அதிகம். இங்கே கதை அதிகம்.

லாரிக்காரர் மேலே வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டுமஸ்தான உடம்பு, உள்ளங்கை இரண்டும் முறம் மாதிரி. மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்து, மூடியைத் திருகி வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"என் லாரிய ஒருத்தர் கொஞ்சம் கொஞ்சமா கொல்றார் மேடம். யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் குடுத்தா போதும்."

"யாரு?"

"என் சம்பந்தி." சொல்லிவிட்டுத் தன்னையே திருத்திக்கொண்டார். "சம்பந்தியா ஆக இருந்தவர். இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவர் வீட்டுக்குப் போறேன். இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிடப் போறேன். சொல்றப்ப கையில ஆதாரம் இருக்கணும்."

மணி அப்போது பத்தரை.

கதை இதுதான். இவர் மகனும் ஒரு மெக்கானிக்கின் மகளும் விரும்பினார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேசிச் சம்மதித்தது. கல்யாணத்துக்கு இன்னும் பதினைந்து நாள். ஆனால் பேசி முடித்த அதே வாரத்திலிருந்து, இருபத்தாறு வருடமாக ஒரு நாள் கூட மக்கர் பண்ணாத பெட்ரோல் லாரி கோளாறு செய்கிறது. ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு மீன் மார்க்கெட்டுக்குப் போகிற லாரி அது. முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். எஞ்சின் சூடானதும் மூச்சு முட்டியது மாதிரி திணறி நிற்கும். தலைகீழாக நின்றாலும் ஸ்டார்ட் ஆகாது. அரை மணி, முக்கால் மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அதற்குள் பின்னால் இருக்கிற ஐஸ் பாதி தண்ணீராகி ரோட்டில் ஓடியிருக்கும்.

"அப்ப அது பொணம் இல்ல அண்ணி, பகல் தூக்கம்" என்றேன். என் பழைய ஆபீஸ் ஞாபகம் வந்தது.

லாரிக்காரர் சிரிக்கவில்லை. நான்கு தடவை மெக்கானிக்கிடம் விட்டாராம். நான்கு தடவையும் அவர் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தாராம். அவர் கையில் மணிக்கணக்காக ஓடுகிற லாரி, இவர் கைக்கு வந்ததும் படுத்துக்கொள்கிறது. போதாததற்கு அந்த மெக்கானிக், லாரியை விற்றுவிடுங்கள் என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். அவருடைய தம்பி பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார்.

"இதைக் கேளுங்க மேடம். சாதாரண நாள்ல அது நிக்கறதே இல்ல. பெரிய ஆர்டர் வந்த நாளா பாத்துதான் நிக்குது. இன்னைக்கும் அப்படித்தான், ஐஸை இறக்கிட்டு வர்ற வழியில உங்க வாசல்ல வந்து நின்னுடுச்சு. இன்னைக்குப் பெரிய ஆர்டர்னு லாரிக்கு எப்படித் தெரியும்? ஆளுக்குத்தான் தெரியும்."

எனக்கே கொஞ்சம் நியாயமாகப் பட்டது. அவர் மேலும் பொருமினார். மெக்கானிக்குக்கு வேலையில் அக்கறையே கிடையாதாம். லாரி திரும்பி வந்தால் ஒரு மூடி கூட ஒழுங்காக மூடியிருக்காது, எல்லாவற்றையும் இவர்தான் மறுபடி இறுக்க வேண்டுமாம்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "நின்ன நாளெல்லாம் சொன்னீங்க. நிக்காத நாளைச் சொல்லுங்க."

தப்பு நடந்த நாளை எல்லாரும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், நடக்காத நாளில்தான் விஷயம் ஒளிந்திருக்கும் என்பது அண்ணியின் கட்சி. இதை நான் எட்டு வருடத்தில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். லாரிக்காரர் முதல் தடவை கேட்டதால் எரிச்சலோடு யோசித்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் மனைவியை அவள் தங்கை வீட்டுக்குக் கூட்டிப் போனாராம். உச்சி வெயில், ரோட்டில் தார் இளகிய நாள். மூன்று மணி நேரப் பயணம். லாரி ஒரு இருமல் கூட இருமவில்லை. ஆனால் அடுத்த வாரம் விடியற்காலை, அடைமழை, பல் தந்தியடிக்கிற குளிர். பெரிய ஆர்டரோடு கிளம்பி முக்கால் மணியில் நின்றுவிட்டது.

"வெயில்ல ஓடிச்சு, மழையில நின்னுச்சு" என்றார் அண்ணி. "பாவம், சூடு மேல வீண் பழி போடறோமோன்னு தோணுது. கிளம்புங்க, உங்க வீட்டுக்குப் போலாம்."

"மெக்கானிக்கை விசாரிக்கலையா?"

"அவர் எங்க போயிடப் போறார்? முதல்ல வீடு."

நான் வெளியேறுமுன் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று பாட்டிலை எடுத்தேன். மூடி அசையவில்லை. வேட்டியால் பிடித்துத் திருகினேன், கதவிடுக்கில் வைத்துத் திருகினேன். கடைசியில் தாகத்தோடு இறங்கினேன். அண்ணி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். உதவி செய்ய வேண்டாம், ஒரு அனுதாபமாவது காட்டியிருக்கலாம்.

லாரி அதற்குள் தூக்கம் கலைந்து கிளம்பத் தயாராக இருந்தது. கிட்டத்தில் பார்த்தபோதுதான் அதன் அழகு தெரிந்தது. வயது இருபத்தாறு என்று சத்தியம் செய்தால்தான் நம்பலாம். பம்பர் முதல் பின்கதவு வரை புதுச் சிவப்பு. கண்ணாடி பார்க்காமலே அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டேன்.

லாரிக்காரரின் வீடு சின்னது, ஆனால் துடைத்து வைத்தது போலச் சுத்தம். அவர் லாரிக்கு ஒரு துணி போட்டு மூடப் போன நேரத்தில், அவர் மனைவி எங்களைச் சமையலறை மேஜையில் உட்காரவைத்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இவர் மூடுகிற வேகத்தில் மாதம் ஒரு வாஷர் தேய்ந்துவிடுகிறது என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டார். பிறகு பிரெட் எடுத்து வைத்து, தான் காய்ச்சிய ஜாம் பாட்டிலையும் வைத்தார். பக்கத்தில் ஒரு பெரிய குறடும் வைத்தார்.

"குறடு எதுக்கு அக்கா?" என்றேன்.

"பாட்டிலைத் திறக்கத்தான். நான் சூடா ஊத்தி வெச்சிடுவேன். இவரு எறும்பு வரும்னு உடனே இறுக்கி மூடிடுவார். இந்த வீட்ல இவர் மூடினதை இவரே திறந்தாதான் உண்டு. இல்லேன்னா நாங்க வெறும் பிரெட்தான்."

நான் குறடை வைத்துத் திருகினேன். குறடு வழுக்கி என் கட்டைவிரலைக் கடித்தது. பாட்டில் அப்படியே இருந்தது. அந்த அம்மா என் விரலைப் பார்த்து வருத்தப்பட்டார். பிறகு சட்டென்று கண் கலங்கினார்.

"அந்தப் பொண்ணு முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தப்ப, இதே மாதிரி நான் போராடிட்டிருந்தேன். குடுங்க அத்தைன்னு வாங்கினா. ஸ்பூன் முனையை மூடியோரத்துல விட்டு லேசா நெம்பினா. புஸ்ஸுன்னு ஒரு சத்தம். ரெண்டே விரல்ல திறந்து மேஜையில வெச்சுட்டா. மெக்கானிக் பொண்ணு இல்லையா. அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன், இவதான் இந்த வீட்டுக்குன்னு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாயங்காலம் இவரு போய் வேண்டாம்னு சொல்லிட்டா என் பையன் உடைஞ்சு போயிடுவாம்மா. அந்தப் பொண்ணும்தான். எப்படியாவது நிறுத்துங்க."

அண்ணி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகிறவர்களிடம் கேள்வி கேட்பதில் அண்ணிக்குச் சங்கோஜம் கிடையாது. அழுகை நிற்க அதுதான் நல்ல வழி என்பார். தங்கை வீட்டுக்குப் போன நாளைப் பற்றிக் கேட்டார்.

அன்றைக்குக் காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையாம். அந்தக் கோபத்தில் லாரிக்காரர் பெட்ரோல் போடாமலே வண்டியை எடுத்துவிட்டார். டாங்க்கில் கால்வாசிதான். நடுரோட்டில் நிற்கப் போகிறோம் என்று அந்த அம்மா வழி முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிற்கவில்லை.

"மத்த நாள்ல எப்படி?" என்றார் அண்ணி.

"சாதாரண வேலைன்னா இருக்கற பெட்ரோல்லயே போயிட்டு வருவார். பெரிய ஆர்டர்னா மட்டும் விடியறதுக்குள்ள பங்க்குக்குப் போய் கழுத்து வரைக்கும் ரொப்பிட்டு வருவார். நடுவுல எங்கயும் நிறுத்தக் கூடாதுன்னு."

அண்ணி ஸ்பூனால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினார். அவர் அப்படித் தட்டினால் கேஸ் முடிந்தது, எனக்குத்தான் இன்னும் தெரியாது என்று அர்த்தம். எழுந்தார். அந்த ஜாம் பாட்டிலைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, வாங்கி என் கையில் கொடுத்தார்.

"சாட்சிப் பொருளா அண்ணி?"

"ஆமா. திறந்துடாதே."

அந்தக் கவலையே வேண்டாம் என்றேன்.

மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் நுழைந்தபோது மணி இரண்டரை. லாரியை நிறுத்திவிட்டு லாரிக்காரர் உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். மெக்கானிக் ஒரு காருக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தார். ஒல்லியான மனிதர், முகத்தில் மூன்று நாள் தாடி. எங்களைப் பார்த்தார், வாசலில் நின்றவரைப் பார்த்தார், அப்புறம் கையைத் துடைக்க ஆரம்பித்தார். அந்தக் கையை அவ்வளவு நேரம் துடைக்க வேண்டிய அவசியமில்லை.

"போலீஸா?" என்று கேட்டார்.

"சேச்சே, அவ்வளவு வசதி இல்லைங்க" என்றபடி நான் நடந்தேன். தரையில் இருந்த எண்ணெய் டின்னில் கால் இடித்தது. மூடி இருக்கிறதே என்று நம்பிய டின் அது. மூடி சும்மா மேலே உட்கார்ந்திருந்ததே தவிர மூடியிருக்கவில்லை. என் வேட்டியில் முழங்கால் வரை கறுப்பு. சுற்றிப் பார்த்தேன். கிரீஸ் டப்பா, பெயிண்ட் டப்பா, அவருடைய டீ பிளாஸ்க் உட்பட எதிலும் மூடி முழுசாக இறங்கவில்லை. ஒருவர் இறுக்கியே தேய்க்கிறார், இன்னொருவர் இறுக்குவதே இல்லை. இந்த இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் செய்யத் துணிந்த பிள்ளைகளின் தைரியத்தை நினைத்து வியந்தேன்.

அண்ணி மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எனக்குக் கண் காட்டினார். அலமாரிகளை மேய்ந்துவிட்டு வா என்று அர்த்தம். மேய்ந்தேன். மூன்றாவது தட்டில் ஒரு துணி மூட்டை. மேலே அட்டையில் லாரியின் நம்பர் எழுதிக் கட்டியிருந்தது. பிரித்தேன். உள்ளே ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு இக்னிஷன் காயில், இன்னும் சில்லறைச் சாமான்கள்.

எட்டு வருடத்தில் நானாக ஒரு ஆதாரம் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. உச்சி குளிர்ந்துபோய் மூட்டையைத் தூக்கிக் காட்டினேன். வாசலில் நின்ற லாரிக்காரர் ஒரே எட்டில் உள்ளே வந்தார்.

"என் லாரி சாமான். பாத்தீங்களா மேடம்? நல்லதைக் கழட்டி வெச்சுக்கிட்டு ஓட்டையை மாட்டி அனுப்பியிருக்கார். கையும் களவுமா பிடிச்சாச்சு."

மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அண்ணியைப் பார்த்துச் சொன்னார், லாரிக்காரரைப் பார்க்கவில்லை.

"அது கழட்டின பழசு. இருபத்தாறு வருஷம் ஓடினது. எல்லாத்தையும் புதுசா வாங்கிப் போட்டேன், நாலு தடவையா. சொன்னா, பாத்தியா லாரி பழசுன்னு குத்திக் காட்டறியான்னு சண்டைக்கு வருவார். அதான் சொல்லல."

அண்ணி வாசலுக்குப் போய் லாரியின் பானெட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே பம்பும் காயிலும் கடையிலிருந்து வந்த பளபளப்போடு இருந்தன. என் ஆதாரம் ஐந்து நிமிடம் கூட உயிரோடு இருக்கவில்லை. ஆனால் லாரிக்காரருக்குப் பிடியை விட மனமில்லை. அப்படியானால் விற்றுவிடச் சொன்னது ஏன் என்றார்.

"இந்த வயசுல தினமும் ரோட்டோரமா வெயில்ல தனியா நிக்கறீங்களேன்னு சொன்னேன்" என்றார் மெக்கானிக், இந்தத் தடவை அவரைப் பார்த்தே. "எல்லாம் புதுசு போட்டும் ஏன் நிக்குதுன்னு எனக்கே புரியல. ராத்திரி தூக்கம் இல்ல. போதுமா?"

அண்ணி நடுவில் புகுந்து, லாரியை ஓட்டிப் பார்க்குமுன் முதலில் என்ன செய்வீர்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டார். பெட்ரோல் அளவு காட்டுகிற முள் செத்து வெகு நாளாகிறதாம். அதனால் டாங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பாராம். பார்த்துவிட்டு மூடியை மேலே வைத்து ஒற்றை விரலால் ஒரு தட்டு. அவ்வளவுதான்.

"அதான் நான் சொன்னேனே, எதையும் மூடத் தெரியாது" என்று லாரிக்காரர் முணுமுணுத்தார்.

அண்ணி வாட்சைப் பார்த்தார். மணி மூன்று. நால்வரும் லாரியில் ஒரு சுற்றுப் போக வேண்டும் என்றார். மெக்கானிக் மறுத்தார், லாரிக்காரரும் மறுத்தார். இந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒற்றுமையாக இருந்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அண்ணி சரி என்று சொல்லிவிட்டு ஏறி முன்சீட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு யார் மறுத்து என்ன பயன்? இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஏறினார்கள். எனக்குக் கிடைத்தது பின்னால், ஈரச் சாக்குகளுக்கு நடுவில், மடியில் ஜாம் பாட்டிலோடு.

முதலில் பெட்ரோல் பங்க். இன்னொரு பெரிய ஆர்டர் என்று நினைத்துக்கொண்டு எப்போதும் போலப் போடுங்கள் என்று அண்ணி சொன்னார். லாரிக்காரர் கழுத்து வரை ரொப்பினார். மூடியை வைத்தார். வலது கையால் ஒரு திருகு, இடது கையால் ஒரு திருகு, கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஒரு திருகு. பக்கத்து வரிசையில் பெட்ரோல் போட வந்தவர் தன் வண்டியை இரண்டடி தள்ளி நிறுத்திக்கொண்டார்.

ஊரைச் சுற்றிப் போகிற நீண்ட ரோட்டில் லாரி சீராக ஓடியது. நான் பாட்டிலை மறுபடி ஒருமுறை திருகிப் பார்த்தேன். மணி நான்கு ஐந்துக்கு, ஒரு தொழிற்சாலையின் நீளமான மதில் ஓரத்தில், லாரி ஒரு குலுக்குக் குலுக்கியது. திணறியது. இரண்டு தடவை விக்கியது. நின்றுவிட்டது.

நான் இறங்கி முன்னால் போனபோது லாரிக்காரர் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எஞ்சின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. மெக்கானிக் பானெட்டைத் தூக்கிக் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தார். கொதிக்கிறது என்றார். சூடு ஆற அரை மணியாவது ஆகும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"இருக்கட்டும், ஆற வேண்டாம்" என்றார் அண்ணி. "எஞ்சினை யாரும் தொடாதீங்க. டாங்க் மூடியை மட்டும் திறங்க."

மெக்கானிக் போய்த் திருகினார். மூடி அசையவில்லை. நான் போகவே இல்லை, காலையிலிருந்து பட்ட அவமானம் போதும். கடைசியில் லாரிக்காரரே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் திருப்பினார்.

புஸ்ஸ்ஸ்.

காற்று வெளியே வரவில்லை. உள்ளே போனது. நீந்திக் களைத்த ஆள் தலையை வெளியே நீட்டி இழுக்கிற மூச்சு போல, அந்த டாங்க் இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் அண்ணி.

லாரிக்காரர் நம்பிக்கையில்லாமல் ஏறிச் சாவியைத் திருப்பினார். நான்கு சுற்று சுற்றியது. ஐந்தாவது சுற்றில் லாரி கனைத்துக்கொண்டு எழுந்தது. எஞ்சின் அதே கொதிப்பில்தான் இருந்தது. மணி நான்கு பத்து.

மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கு இன்னும் விளங்கவில்லை என்பதை என் முகத்தில் பார்த்து அண்ணி விளக்கினார். பிளாஸ்டிக் பாட்டிலில் வாயை எடுக்காமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வராது. உள்ளே காற்று போனால்தான் வெளியே தண்ணீர் வரும். டாங்க்கும் அப்படித்தான். பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே வர வேண்டும். கால் டாங்க்கோடு போன நாளில் உள்ளே ஏற்கெனவே நிறையக் காற்று இருந்தது, தாக்குப்பிடித்தது. கழுத்து வரை ரொப்பிய நாளில் இடமே இல்லை, முக்கால் மணியில் மூச்சு முட்டியது. அரை மணி சும்மா நின்றால் மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும். சூடு ஆறியதால் ஓடுகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். மெக்கானிக் ஓட்டும்போது நிற்காததற்குக் காரணம், அவர் எதையும் ஒழுங்காக மூடுவதில்லை.

"அவரோட சோம்பேறித்தனம்தான் லாரியைக் காப்பாத்திச்சுன்னு சொல்றீங்க" என்றேன். என் கட்சி ஒரு நாள் ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் மெக்கானிக் சமாதானம் ஆகவில்லை. எவ்வளவு இறுக்கினாலும் இப்படி ஆகக் கூடாது, காற்று போவதற்கென்றே மூடியில் ஊசித் துளை ஒன்று உண்டு என்றார். மூடியை லாரிக்காரர் கையிலிருந்து வாங்கிப் புரட்டினார். துளையைக் காணவில்லை. பளபளவென்று சிவப்புதான் இருந்தது. அண்ணி தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்துக் கொடுத்தார். மெக்கானிக் சுரண்டினார். ஒரு அடுக்கு உரிந்தது, அதன் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. அதற்கும் அடியில், பெயிண்ட் அடைத்துக்கொண்டு, அந்தத் துளை.

"மூணு கோட்டு" என்றார் மெக்கானிக். "எந்தப் புண்ணியவான் மூடிக்கு மூணு கோட்டு பெயிண்ட் அடிச்சது?"

நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்தோம். லாரிக்காரர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்து வரை சிவந்திருந்தது, அதுவும் ஏறக்குறைய அதே நிறம்.

"நான்தான்" என்றார். "கல்யாணம் பேசி முடிச்சோமே, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை. மருமக என் லாரியிலதான் நம்ம வீட்டுக்கு வரணும்னு ஆசைப்பட்டேன். நானே முழுசும் பெயிண்ட் அடிச்சேன். மூடி மட்டும் துருப்பிடிச்சு அசிங்கமா இருந்துச்சு. அதனால அதுக்கு மட்டும் மூணு கோட்டு."

என்னிடம் அப்போது மூன்று ஜோக்குகள் தயாராக இருந்தன. மூன்றையும் விழுங்கிவிட்டேன். கல்யாண ஆசையில் அடித்த பெயிண்ட் அந்தக் கல்யாணத்தையே கவிழ்க்க இருந்தது. அந்த மனிதர் அதை நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

மெக்கானிக் ஹேர்பின் முனையால் துளையைக் குத்தித் திறந்து, மூடியைத் துடைத்தார். அவருக்கு ஜெயித்த சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. "நாலு தடவை இதைக் கையில எடுத்தேன். ஒரு தடவை திருப்பிப் பாத்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மூடியை டாங்க்கில் வைத்து, ஒற்றை விரலால் தட்டப் போனவர், நிறுத்தி, ஒழுங்காக ஒரு திருகு திருகினார்.

வண்டி ஓடியபோது முன்னால் யாரும் பேசவில்லை என்று அண்ணி பிறகு சொன்னார். ஒரே ஒரு தடவை லாரிக்காரர், அஞ்சு மணிக்கு வருகிறேன் என்று உங்கள் வீட்டில் சொல்லியிருக்கிறேன் என்றாராம். தெரியும், எதற்கென்றும் தெரியும் என்றாராம் மெக்கானிக்.

லாரி மெக்கானிக் வீட்டு வாசலில் நின்றபோது மணி ஐந்தாக ஒரு நிமிடம். கேட்டருகே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். ஒரு கை கேட்டை இறுகப் பற்றியிருந்தது. என்ன செய்தி வருகிறது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

லாரிக்காரர் இறங்கினார். நாலடி நடந்தார். திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. பின்னாலிருந்து குதித்து, ஜாம் பாட்டிலை லாரிக்காரர் கையில் வைத்தேன்.

அவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். திருகிப் பார்க்கப் போன கை பாதியில் நின்றது. அப்படியே அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் திறந்து குடும்மா" என்றார். "எங்க வீட்ல நீ வந்து திறந்தாதான் உண்டு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். மெக்கானிக் தலையசைத்தார். அவள் பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, ஸ்பூன் எடுக்க உள்ளே ஓடினாள்.

"உள்ள வாங்க சம்பந்தி" என்றார் மெக்கானிக்.

நான் பிரெட் வாங்கக் கடைக்குக் கிளம்பினேன்.